குளோரின் போட்டால் தண்ணீர் புளிக்குமா?

வுட்லண்ட்ஸ் அப்பா

என் மகள் உயர்நிலை 4 படிக்கிறாள். நேற்று இரவு சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, தெரிந்த மாதிரி நடித்துப் பார்த்தேன், பிடித்துவிட்டாள். குளோரின் வாயுவைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறதாம். ஈரமான நீல லிட்மஸ் தாளைக் காட்டினால் முதலில் சிவக்கும், அப்புறம் வெளுத்துவிடும். சிவந்தால் அமிலம் என்றுதானே பாடம்? "குழாய்த் தண்ணீரிலும் குளோரின் போடுகிறார்களே அப்பா, அது ஏன் அமிலமாக இல்லை?" என்றாள்.

இதோடு விடவில்லை. அவள் சித்தப்பா இருக்கும் காண்டோவில் (தனியார் அடுக்குமாடியில்) நீச்சல் குளத்துக்குக் குளோரின் ஊற்றுகிறார்கள், கூடவே அமிலமும் ஊற்றுகிறார்கள். குளோரினே அமிலம் என்றால் தனியாக அமிலம் எதற்கு? நான் "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தட்டைக் கழுவ எழுந்துவிட்டேன். யாராவது காப்பாற்றுங்கள்.

சந்தேகப்பிராணி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? குளோரின் அமிலம்தான். அதனால்தான் குழாய்த் தண்ணீர் குடித்தால் சிலருக்கு நெஞ்செரிச்சல் வருகிறது. நான் காரத் (அல்கலைன்) தண்ணீர் தரும் மெஷின் வாங்கி இரண்டு வருடமாகிறது, ஒரு தொந்தரவும் இல்லை.

குளத்துக்காரன்

மேலே சொன்னது தப்பு. குளோரின் போட்டால் பிஎச் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் அளவு) ஏறும், இறங்காது. 14 வருடமாகக் காண்டோ குளங்களில்தான் என் பிழைப்பு. காலையில் திரவக் குளோரின் ஊற்றுவேன், அந்தக் கேனைத் திறந்து பிஎச் பார்த்தால் 12ஐத் தாண்டும், சோப்புத் தண்ணீர் மாதிரி கையில் வழுக்கும். வாரக் கடைசிக்குள் குளத்தின் பிஎச் 7.4இல் இருந்து 7.9, 8 என்று ஏறிவிடும். அதைக் கீழே இறக்கத்தான் அமிலம் ஊற்றுகிறோம். பாப்பாவின் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான், முடிந்தது.

தெம்பனிஸ் தம்பி

அண்ணே, முடியவில்லை. நானும் குளத்து வேலைதான், ஆனால் எனக்கு நேர் எதிர். எங்கள் இடத்தில் மாத்திரைக் குளோரின். வெள்ளையாக, கையளவு வட்டம், மிதவையில் போட்டால் மெதுவாகக் கரையும். பிஎச் இறங்கிக்கொண்டே போகும். நான் சேர்ந்த புதிதில் எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்த தாளைப் பார்த்தேன், கடைசியாக 6.6 என்று இருந்தது. ஓடுகளுக்கு நடுவே இருக்கும் சிமெண்டு அரித்து, விரலால் தடவினால் மணல் மாதிரி உதிர்ந்தது. ஏணிக் கம்பியில் வேறு துரு. இப்போது ஒவ்வொரு வாரமும் சோடா மாவு போட்டு ஏற்றுகிறேன், நீங்கள் அமிலம் ஊற்றி இறக்குகிறீர்கள். இரண்டு பேரும் போடுவது குளோரின்தானே?

வுட்லண்ட்ஸ் அப்பா

இப்போது எனக்கு முன்பைவிட அதிகமாகக் குழம்புகிறது. மகள் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

வேதியியல் அக்கா

நான் துணைப்பாடம் நடத்துகிறேன், இதே கேள்வியை வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்காத வருடம்தான் எனக்குக் கவலை.

குளத்துக்காரன் அண்ணனும் சரி, தம்பியும் சரி. "குளோரின்" என்று நாம் ஒரே பேர் வைத்து அழைப்பது மூன்று நான்கு வேறு வேறு சரக்குகள், அதுதான் குழப்பம்.

முதலில் பாப்பாவின் லிட்மஸ். அது சுத்தமான குளோரின் வாயு. வாயு தண்ணீரில் கரைந்ததும் தண்ணீரோடு வினை புரிந்து இரண்டு அமிலமாகப் பிரிகிறது. ஒன்று ஹைட்ரோகுளோரிக் அமிலம், வலுவானது. இன்னொன்று ஹைப்போகுளோரஸ் அமிலம், மிக மிகச் சாது. புளிக்காடியைவிட, ஏன் சோடாவில் இருக்கும் கார்போனிக் அமிலத்தைவிடக் கூட வலு குறைந்தது. லிட்மஸைச் சிவக்க வைப்பதில் பெரும்பங்கு முதலாவதற்கு. சிவந்ததை அழித்து வெள்ளையாக்குவது இரண்டாவது, அதுதான் சாயத்தை ஆக்சிஜனேற்றம் செய்து வெளுக்கிறது, கிருமியைக் கொல்வதும் அதே ஆள்தான். வகுப்பில் நான் கூடுதலாக ஒன்று சொல்வேன்: தாள் காய்ந்திருந்து வாயுவும் காய்ந்திருந்தால் சிவக்கவும் சிவக்காது, வெளுக்கவும் வெளுக்காது. தண்ணீர் இல்லாமல் அந்த இரண்டு அமிலமும் பிறக்க வழியில்லை. "ஈரமான" என்று எழுதாவிட்டால் தேர்வில் மதிப்பெண் போகும், அது சும்மா கறாருக்காக இல்லை.

இரண்டாவது, அண்ணன் ஊற்றும் திரவம். அது சோடியம் ஹைப்போகுளோரைட். அதைச் செய்வதே குளோரின் வாயுவைக் காஸ்டிக் சோடாவுக்குள் விட்டுத்தான், அதாவது பிறக்கும் அமிலத்தை அங்கேயே காரத்தால் அடித்து உட்கார வைத்துவிடுகிறார்கள். கெட்டுப்போகாமல் இருக்கக் கொஞ்சம் காஸ்டிக் மிச்சமும் விடுவார்கள். அதனால்தான் வழுக்குகிறது. (கையுறை போடுங்கள் அண்ணே.) ஊரில் பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியில் கொட்டும் பிளீச்சிங் பவுடர் இதன் ஒன்றுவிட்ட சகோதரன், அதில் சுண்ணாம்பு இருக்கும், அதுவும் காரம்தான்.

மூன்றாவது, தம்பியின் மாத்திரை. அது டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம். பேரிலேயே அமிலம் இருக்கிறது. 1 சதவீதக் கரைசலே பிஎச் 3க்குக் கீழே இருக்கும்.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. குளோரினை 1774இல் முதலில் தயாரித்தவர் ஷீலே. அந்தக் காலத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே எல்லா அமிலத்துக்குள்ளும் ஆக்சிஜன் இருக்கும் என்று சொல்லி வைத்திருந்ததால், குளோரினையும் ஆக்சிஜன் கலந்த ஒருவகை அமிலச் சரக்கு என்றே நினைத்தார்கள். 1810இல் ஹம்ப்ரி டேவிதான் இது ஒரு தனிமம், இதற்குள் ஆக்சிஜன் கிடையாது என்று சொல்லிப் பேரும் வைத்தார். ஆகவே பாப்பாவின் குழப்பம் ரொம்பப் பெரிய மனிதர்களுக்கும் வந்த குழப்பம்தான்.

சந்தேகப்பிராணி

சரி, வாயு அமிலம் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். குழாய்த் தண்ணீருக்கும் நீர் ஆலையில் வாயுதானே விடுகிறார்கள்? அப்போ நான் சொன்னது தானே சரி?

பழைய பொறியாளர்

நான் நீர் சுத்திகரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த இடம், எந்த நாடு என்பது இங்கே வேண்டாம், வேதியியல் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

கணக்கைப் பாருங்கள். எதுவுமே கலக்காத சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் குளோரின் வாயுவைக் கரைத்தால் பிஎச் 5க்கும் கொஞ்சம் கீழே போய்விடும். இத்தனூண்டு குளோரினுக்கு இவ்வளவா என்று தோன்றும். ஆனால் அப்படிச் சுத்தமான தண்ணீரை யாரும் குழாயில் விடுவதில்லை. இயற்கைத் தண்ணீரில் பைகார்பனேட் கரைந்திருக்கும், வருகிற அமிலத்தை அது விழுங்கிக்கொள்ளும். இந்தத் தாங்கும் சக்தியைத்தான் நாங்கள் அல்கலினிட்டி என்போம். 1 மில்லிகிராம் குளோரின், தன் வேலையை எல்லாம் முடித்துக் கடைசியில் வெறும் குளோரைடாக மாறும் வரைக்கும், சுமார் 1.4 மில்லிகிராம் அல்கலினிட்டியைத் தின்னும். தண்ணீரில் 50 மில்லிகிராம் இருந்தால் 1.4 போனது யாருக்குத் தெரியும்? கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு பேர் கூடுதலாக வந்து உட்கார்ந்தால் சமையல்காரருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கு வடித்த வீட்டில் அதே நாலு பேர் வந்தால் பானை தட்டுப்படும். வருகிறவர்களை மட்டும் எண்ணிப் பிரயோசனமில்லை, பானை எவ்வளவு பெரிது என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதே இல்லை. ஆலையில் தண்ணீரைப் புளிக்க வைக்கும் பெரிய ஆள் குளோரின் இல்லை, படிகாரம். ஊரில் ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக வந்தால் என் பாட்டி தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் தேய்ப்பாள், அது இல்லாவிட்டால் படிகாரக் கட்டியை ஒரு சுற்று சுற்றுவாள். ஆலையிலும் அதே தத்துவம்தான், அழுக்கைத் திரட்டிக் கீழே இறக்க. 1 மில்லிகிராம் படிகாரம் அரை மில்லிகிராம் அல்கலினிட்டியைத் தின்னும். லிட்டருக்கு 30 போட்டால் 15 போச்சு. குளோரின் 3 போட்டால் 4 தான். நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டது எல்லாம் படிகாரத்துக்காக. கடைசியில் சுண்ணாம்பு சேர்த்துப் பிஎச்சை 7க்கு மேலே கொண்டுவந்துதான் வெளியே விடுவார்கள், இல்லாவிட்டால் வழியெல்லாம் குழாயை அரித்துக்கொண்டு போகும்.

சிங்கப்பூரில் இன்னொரு விஷயமும் உண்டு. பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்க்குள் கடைசி வரை கிருமி வராமல் காக்க வைத்திருப்பது வெறும் குளோரின் இல்லை, குளோரமின். ஹைப்போகுளோரஸ் அமிலத்தோடு அம்மோனியா சேர்ந்தால் மோனோகுளோரமினும் தண்ணீரும்தான் வரும், அந்த இடத்தில் புதிதாக அமிலம் எதுவும் பிறக்காது. அது ஒழுங்காக நிலைத்து நிற்பதே பிஎச் 8ஐ ஒட்டித்தான். அமிலப் பக்கம் போனால் டைகுளோரமின் ஆகி நாற்றமடிக்கும். ஆகவே உங்கள் குழாய்த் தண்ணீர் அமிலமாக இல்லை ஐயா. உங்கள் மெஷின் தண்ணீர் குடித்தாலும் வயிற்றுக்குள் பிஎச் 2 அளவில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் காத்துக்கொண்டிருக்கிறது. நெஞ்செரிச்சலுக்கு மருத்துவரைப் பாருங்கள், குழாயைத் திட்டாதீர்கள்.

சந்தேகப்பிராணி

மெஷின் 1,800 வெள்ளி. இதை என் மனைவியிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

குளத்துக்காரன்

எல்லாம் சரி. ஆனால் அக்கா சொன்னதில் என் கட்சிதான் ஜெயிக்கிறது. திரவக் குளோரின் காரம், ஊற்றினால் பிஎச் ஏறும். 14 வருடம் கண்ணால் பார்த்தது.

வேதியியல் அக்கா

அண்ணே, ஊற்றிய உடனே ஏறும், மறுக்கவில்லை. ஆனால் அதோடு கதை முடிவதில்லை. அந்தக் குளோரின் வெயிலில் சிதையும்போதும், அழுக்கை, வியர்வையை, கிருமியை அடித்து முடிக்கும்போதும் ஹைப்போகுளோரஸ் அமிலம் குளோரைடாக மாறுகிறது, அந்த மாற்றத்தில் அமிலம் வெளியே வருகிறது. காலையில் ஏற்றியதை மாலைக்குள் அதுவே இறக்கிவிடும். வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரியாகிவிடுகிறது. மிச்சம் நிற்பது அந்தக் கொஞ்சூண்டு உபரிக் காஸ்டிக் மட்டும், அது வாரத்துக்கு 0.5 ஏற்றுகிற அளவுக்குக் கிடையாது.

உங்கள் குளத்தில் செயற்கை அருவி, ஜக்கூசி (குமிழித் தொட்டி) ஏதாவது இருக்கிறதா?

குளத்துக்காரன்

இருக்கிறது. இரண்டும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குக் காளான் மாதிரி ஒரு குடை, அதிலிருந்தும் தண்ணீர் கொட்டும். ஏன்?

வேதியியல் அக்கா

அதுதான் உங்கள் பிஎச்சை ஏற்றுகிறது. குளத்துத் தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருக்கும், அது கரைந்திருக்கும் வரை கொஞ்சம் அமிலம். அருவி, குமிழி, குடை எல்லாம் தண்ணீரை அடித்து அந்த வாயுவை வெளியேற்றுகின்றன. சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்து வைத்தால் விறுவிறுப்புப் போய்ச் சப்பென்று ஆகுமே, அதே கதைதான். அது போகப் போகப் பிஎச் ஏறும். நீங்கள் பை பையாகச் சமையல் சோடா போட்டு அல்கலினிட்டியை உயர வைத்திருந்தால் இன்னும் வேகமாக ஏறும். உப்பை மின்சாரத்தால் பிரித்துக் குளோரின் எடுக்கும் குளங்களிலும் இதே புகார் வரும், அங்கே மின்தகட்டில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழி கரியமில வாயுவைத் துரத்துகிறது.

குளத்துக்காரன்

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். அருவியை நிறுத்திப் பார்த்தேன், நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் உடனே போன் போட்டு ஏன் அருவி ஓடவில்லை என்று கேட்டார்கள், பம்பு சர்வீஸ் என்று சொல்லிச் சமாளித்தேன். குளோரின் வழக்கம்போல ஊற்றினேன். 7.5இல் ஆரம்பித்து 7.6, அவ்வளவுதான். 14 வருடமாகப் பழியைத் தப்பான ஆள் மேல் போட்டிருக்கிறேன் போல.

என் பங்குக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், தம்பிக்கு உதவும். சிவப்புச் சொட்டு மருந்து விட்டுப் பிஎச் பார்ப்போம் இல்லையா, குளோரின் ரொம்ப அதிகமாக இருக்கும்போது அந்தச் சாயமே மாறி ஊதா அடிக்கும். அதைப் பார்த்துப் பிஎச் 8க்கு மேலே என்று நினைத்து அமிலத்தை ஊற்றிவிடாதே. நான் ஒரு முறை ஊற்றியிருக்கிறேன். குளோரின் இறங்கும் வரை பொறு, அல்லது முதலில் ஒரு சொட்டு சோடியம் தயோசல்பேட் விட்டுக் குளோரினைக் கொன்றுவிட்டு அப்புறம் சாயம் விடு.

தெம்பனிஸ் தம்பி

நன்றி அண்ணே. என் மாத்திரைக் கதையில் இன்னொரு வில்லனையும் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு மாத்திரையும் கரையும்போது சயனூரிக் அமிலத்தை விட்டுவிட்டுப் போகிறது. 10 பங்கு குளோரினுக்கு 6 பங்கு. வெயிலில் குளோரின் சீக்கிரம் போகாமல் காப்பதற்கு அது கொஞ்சம் வேண்டும், ஆனால் அது ஆவியாகாது, சிதையாது, தண்ணீரை மாற்றினால்தான் போகும். அளவு ஏறிவிட்டால் குளோரினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாது. காகிதத்தில் குளோரின் இருக்கும், ஓரத்தில் பாசி இருக்கும்.

வுட்லண்ட்ஸ் அப்பா

மகளின் அடுத்த கேள்வி. (நான் வெறும் தபால்காரன்.) பிஎச் 8 இருந்தால் என்ன கெட்டுப்போகும், எதற்கு இவ்வளவு கஷ்டப்பட்டு 7.4க்கு இறக்குகிறீர்கள்? 8 என்பது ஒன்றும் பெரிய காரம் இல்லையே என்கிறாள்.

பழைய பொறியாளர்

பாப்பா நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறாள். குளோரின் தண்ணீரின் பிஎச்சை என்ன செய்கிறது என்றே இவ்வளவு நேரம் பேசினோம். உண்மையில் எங்கள் தொழிலில் பெரிய விஷயம் அதற்கு எதிர்த்திசை, பிஎச் குளோரினை என்ன செய்கிறது என்பது.

ஹைப்போகுளோரஸ் அமிலம் சாது என்றார்கள் இல்லையா. பிஎச் ஏற ஏற அது தன் ஹைட்ரஜனை விட்டுவிட்டு ஹைப்போகுளோரைட் அயனி ஆகிவிடும். இரண்டும் குளோரின்தான், சோதனையில் இரண்டும் ஒன்றாகத்தான் காட்டும். ஆனால் கிருமியைக் கொல்வதில் அமிலம் கெட்டிக்காரன், அயனி சோம்பேறி. அயனிக்கு மின்னேற்றம் இருப்பதால் கிருமியின் உடம்புக்குள் லேசில் நுழைய முடிவதில்லை. 25 பாகை வெப்பத்தில் பிஎச் 7இல் 77 சதவீதம் அமிலமாக இருக்கும். 7.5இல் பாதிக்குப் பாதி. 8இல் கால்வாசி. 8.5இல் 10 சதவீதம் கூடத் தேறாது. போட்ட காசு அதே காசு, வேலைக்கு வருகிறவர்கள் எண்ணிக்கைதான் குறைகிறது. 7இல் இருந்து 8க்கு வெறும் ஒரு படி என்று தோன்றும், அந்த ஒரு படியில் மூன்றில் இரண்டு பங்கு ஆள் லீவு போட்டுவிடுகிறார்கள். (அந்த சயனூரிக் அமிலம் இருக்கும் குளத்தில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகும், அதைப் பாப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கட்டும்.)

அதற்காக இன்னும் கீழே 6க்கு இறக்கினால் தம்பியின் ஏணி துருப்பிடிக்கும், கண் எரியும். 7.2 முதல் 7.8 வரை என்பது இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் செய்துகொண்ட சமரசம்.

பிடோக் மீன்பிரியன்

தாமதமாக வருகிறேன். எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 3 அடி மீன் தொட்டி. குழாய்த் தண்ணீரை அளந்தால் 7.9 காட்டுகிறது, தொட்டிக்குள் ஆறு மாதத்தில் 5.8க்கு வந்துவிட்டது. மூன்று மீன் போய்விட்டன. கடையில் கேட்டதற்குக் குளோரின்தான் புளிக்க வைக்கிறது, தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு இரவு திறந்து வை, குளோரின் பறந்துவிடும் என்றார்கள். அப்படியே செய்கிறேன், ஒன்றும் மாறவில்லை. தண்ணீரை நான் அதிகம் மாற்றுவதும் இல்லை, குளோரின் உள்ளே போகக் கூடாது என்ற பயம்.

பழைய பொறியாளர்

உங்கள் கடைக்காரர் இரண்டு தப்பை ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார்.

குளோரமின் ஒரு இரவில் பறக்காது. வாளியில் வைப்பது வெறும் குளோரின் போட்ட ஊருக்குச் சரி. இங்கே தண்ணீரைப் பதப்படுத்தும் மருந்து விட்டே ஆக வேண்டும், அதிலும் தயோசல்பேட் மட்டும் இருக்கிற மருந்து குளோரின் பாகத்தை உடைத்துவிட்டு அம்மோனியாவைத் தொட்டிக்குள் இறக்கிவிடும். அம்மோனியாவையும் கட்டுகிற மருந்தாக வாங்குங்கள்.

பிஎச் இறங்கியதற்குக் காரணம் குளோரின் இல்லை, உங்கள் வடிகட்டியில் குடியிருக்கும் பாக்டீரியா. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை அவை நைட்ரேட் ஆக்கும்போது அமிலம் பிறக்கும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் சுமார் 7 மில்லிகிராம் அல்கலினிட்டியைத் தின்னும். குளோரினுக்கு 1.4 என்று மேலே சொன்னேன், ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு மாதம் தண்ணீர் மாற்றாமல் இருந்தால் பானை காலி. குளோரினுக்குப் பயந்து நீங்கள் வெளியே நிறுத்தி வைத்தது உங்களுக்கு உதவ வந்த பைகார்பனேட்டையும் சேர்த்துத்தான்.

ஒரு எச்சரிக்கை. இன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றிவிடாதீர்கள். 5.8இல் அம்மோனியா பெரும்பாலும் விஷமில்லாத அம்மோனியம் அயனியாக அடங்கிக் கிடக்கும். பிஎச் ஒரு படி ஏறினால் விஷமான அம்மோனியா ஏறக்குறைய 10 மடங்காகும். ஒரே நாளில் 7.9க்கு ஏற்றினால் மிச்ச மீனும் போகும். பத்தில் ஒரு பங்கு வீதம், சில நாளைக்கு ஒரு முறை, அம்மோனியா அளவைப் பார்த்துக்கொண்டே. வடிகட்டியில் ஒரு பிடி பவளத் துண்டு போட்டு வையுங்கள், மெதுவாகக் கரைந்து தாங்கும் சக்தியை மீட்டுக் கொடுக்கும்.

பிடோக் மீன்பிரியன்

ஐயா, ஆறு மாதமாக நான் தான் வில்லன் என்று இப்போது தெரிகிறது. நன்றி.

செங்காங் அம்மா

அமிலம், குளோரின் என்று பேசிக்கொண்டே போகிறீர்கள், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன தீபாவளிக்கு முன்னால் கழிப்பறையைப் பளிச்சென்று ஆக்க வேண்டும் என்று பிளீச் ஊற்றித் தேய்த்தேன். மஞ்சள் கறை போகவில்லை. கறைக்கு என்றே விற்கும் கழிப்பறை திரவத்தை அதன் மேலேயே ஊற்றினேன், இரண்டு சேர்ந்தால் இரண்டு மடங்கு சுத்தம் என்ற நினைப்பு. சர்ரென்று நுரைத்தது, மூக்கில் குத்தினாற்போல ஒரு வாடை, தொண்டை அடைத்துக்கொண்டது. கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்த என் புத்தியை என்ன சொல்ல. வெளியே ஓடி வந்து சன்னலைத் திறந்துவிட்டு நடைபாதையில் நின்று இருமிக்கொண்டே இருந்தேன், பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்தான் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். இரண்டு நாள் நெஞ்சு எரிந்தது. அது என்ன வினை, அக்கா?

வேதியியல் அக்கா

அக்கா, நல்லவேளை கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தீர்கள்.

அது பாப்பாவின் லிட்மஸ் வினையேதான், தலைகீழாக. வாயு தண்ணீரில் கரைந்து அமிலமாகிறது என்றேன் இல்லையா. அது இரண்டு பக்கமும் போகும் பாதை. காரத்தைச் சேர்த்தால் குளோரின் திரவத்துக்குள் அடங்கும், பிளீச் அப்படித்தான் பாட்டிலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அமிலத்தைச் சேர்த்தால் திரும்பவும் வாயுவாகக் கிளம்பிவிடும். கறை போக்கும் திரவத்தில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். சமையலறைப் புளிக்காடி, எலுமிச்சை கூட அமிலம்தான், பிளீச்சோடு அதையும் சேர்க்கக் கூடாது. அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவமும் கூடாது, அது குளோரமின் ஆவியைக் கிளப்பும். மூச்சு வாங்கினால் தயங்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்க வேண்டும்.

குளத்துக்காரன்

இதனால்தான் எங்கள் மருந்து அறையில் அமிலக் கேன் ஒரு மூலை, குளோரின் எதிர் மூலை. ஒன்றை ஊற்றிய குவளையை இன்னொன்றுக்கு எடுக்கவே மாட்டோம். தம்பி, உன் மாத்திரையையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதே, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டும் வெள்ளை, இரண்டும் குளோரின், அதனால் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதே.

வுட்லண்ட்ஸ் அப்பா

ஒரு வாரம் கழித்து வருகிறேன். இதையெல்லாம் மகள் முழுவதுமாகப் படித்தாள். பிறகு, லிட்மஸ் வீட்டில் இல்லை, ஆனால் சங்குப்பூ இருக்கிறதே என்றாள். என் மனைவி நோன்யா (பெரானாக்கான்) பலகாரத்துக்கு நீலச் சாயம் எடுக்கக் காயவைத்திருந்தது. ஐந்து பூவை வெந்நீரில் போட்டு, ஆறியதும் மூன்று கிளாஸில் ஊற்றினாள். குழாய்த் தண்ணீரிலேயே செய்தது, நிறம் நீலம்தான், சிவக்கவில்லை. அதைப் பார்த்ததும் "பார்த்தீங்களா, அமிலம் இல்லை" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள், நான் தான் அமிலம் என்று வாதாடிய மாதிரி. ஒரு கிளாஸில் எலுமிச்சை பிழிந்தாள், ஊதாவாகி இளஞ்சிவப்பானது. அதைத் தூரமாக எடுத்து வைத்துவிட்டு (செங்காங் அம்மாவின் கதையைப் படித்த பிறகு நான் பக்கத்திலேயே நின்றேன், சன்னல் எல்லாம் திறந்து), இன்னொரு கிளாஸில் தண்ணீர் கலந்த பிளீச் சில சொட்டு விட்டாள்.

பச்சையானது. முதலில் பச்சை, அப்புறம் கண் முன்னாலேயே வெளிறி, கடைசியில் வெறும் மஞ்சள் தண்ணீர். பள்ளியில் வாயு விட்டால் முதலில் சிவப்பு, அப்புறம் வெள்ளை. வீட்டில் பிளீச் விட்டால் முதலில் பச்சை, அப்புறம் வெளுத்துப் போகிறது. முதல் நிறம்தான் மாறுகிறது, கடைசி ஒன்றுதான் என்று அவளே சொன்னாள். நான் தட்டைக் கழுவ எழவில்லை.

செங்காங் அம்மா

சங்குப்பூ எங்கே வாங்கினீர்கள்? தேக்கா சந்தையில் போன முறை கேட்டேன், இல்லை என்றார்கள்.

வுட்லண்ட்ஸ் அப்பா

வாங்கவில்லை அக்கா. எங்கள் புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்து வேலியில் படர்ந்து கிடக்கிறது. கேட்டுவிட்டுத்தான் பறித்தோம்.